ஐஸ் பெட்டியில் போன எச்சில்

அன்பு மகன் தேவாவுக்கு அம்மா வச்சலா எழுதுவது. கோவளத்தில் நானும் அப்பாவும் சுகம், உன் மகள் பால் குடித்துக் குடித்துப் பூசணிக்காய் மாதிரி இருக்கிறாள். பஹ்ரைனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அம்மன் துணையிருக்கட்டும். உன் பெண்டாட்டி யோகேஸ்வரி சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் குப்பத்துக்கே கேட்க வைக்கிறார், அதனால் அங்கே வேலைக்கு வரும் செல்வராஜ் மகன் கையில் இதையும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை, சுறாப் புட்டு செய்து வைத்தால் தொடுவதில்லை, சுவரைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன், எல்லோருக்கும் இருமல் வந்ததுதான் மிச்சம். மாசமாக இருந்தபோதே கேளம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்திருந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வரும் மனச்சோர்வு ரத்தத்திலும் எச்சிலிலும் தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். போன வாரம் எச்சிலைக் குழாயில் பிடித்து ஐஸில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ஐஸ் என்றதும் உன் அப்பாவுக்கு வந்ததே ஒரு பெருமை, நம்மகிட்ட இல்லாத ஐஸா என்று குழாயை வஞ்சிர மீன் பெட்டிக்குள் சொருகி வைத்தார். பெட்டி அப்படியே ஏலத்துக்குப் போய்விட்டது. என் மருமகள் எச்சில் எந்த ஊர்ச் சட்டிக்குப் போனதோ தெரியாது.

மனுஷன் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா, மிச்சமிருந்த குழாயில் தானே துப்பிக் கொடுத்துவிட்டு வந்தார், அதுவும் வெற்றிலை போட்ட வாய். செக்கச்செவேல் என்றிருந்ததைப் பார்த்த நர்ஸ், பெண் ரத்தம் கக்குகிறாள் என்று பயந்து ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டாள். குப்பமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சகுந்தலா, எனக்கும் ஒரு குழா குடுக்கச் சொல்லுக்கா, எங்க வூட்டுக்காரன் குடுக்கற பேஜாரு எவ்ளோ கீதுன்னு தெரியட்டும் என்று வண்டியை மறித்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் உன் அப்பா, அது என் எச்சி டாக்டரம்மா, அதுல இன்னா தெரியுதுன்னு சொல்லிடுங்க என்று ஒப்புக்கொண்டார்.

டாக்டரம்மா சிரித்து ஓய்ந்தார். பிறகு, எச்சிலும் ரத்தமும் இன்னும் ஆராய்ச்சிதான், இன்றைக்கு இவளிடம் கேட்டால்தான் தெரியும் என்று யோகேஸ்வரியின் கையைப் பிடித்து எப்படியம்மா இருக்கிறாய் என்றார். அழுதாள் பார், அப்படி அழுதாள். பாப்பாவத் தூக்கவே பயமா கீது, நான் இல்லாம பூட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணுது என்றாள். வீடு நிறைய ஆள் இருந்தும் இதை ஒருத்தரும் கேட்கவில்லையே தேவா. இது நோய்தான், சரியாகிவிடும் என்று வைத்தியம் தொடங்கியிருக்கிறார்கள். அவளைத் தனியே விடக்கூடாதாம், நான் பக்கத்திலேயே படுக்கிறேன். ராத்திரியில் குழந்தை உன் அப்பா பொறுப்பு. தாலாட்டு என்று வலை இழுக்கும் பாட்டைப் பாடுகிறார், குழந்தை பயந்துபோய்த் தூங்கிவிடுகிறது.

கருவாட்டை ஒருமுறை வெயிலில் காட்டு. லீவு கிடைத்தால் வா. நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வீடியோவில் வந்ததும் பாப்பாவைக் காட்டு என்கிறாய், யோகேஸ்வரியும் போனைக் குழந்தை பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று அழுகிறாள். இந்தத் தடவை போனை அவள் பக்கம் திருப்பச் சொல். எப்படி இருக்கிறாய் என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே.

உன் அம்மா,
கா. வச்சலா