ஒன்பதாம் நாள் ஊற்றிய தண்ணீர்

பக்கத்து மேசைக்காரிக்கு,

உன் விருது விழா அழைப்பிதழ் வந்தது. வாழ்த்து எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். வயிறு எரிகிறது என்று எழுதுவதுதான் நேர்மை.

அன்று நம் ஆய்வகத்தில், வறட்சி தாங்கும் மரபணுவை நீ ஏற்றிய நாற்றுகள் ஒரு தட்டில், சாதாரண நாற்றுகள் இன்னொன்றில். இரண்டுக்கும் பதினான்கு நாள் தண்ணீர் கிடையாது. ஒன்பதாம் நாள் அக்கா பிரசவத்துக்குக் கிளம்பினாய். "என் பிள்ளைங்களைப் பாத்துக்கோடி. தண்ணி மட்டும் காட்டிடாதே" என்று சிரித்தாய்.

காட்டினேன். சாதாரணத் தட்டுக்கு ஊற்றினால் இரண்டும் ஒன்றுபோல நிற்கும், உன் மரபணு செல்லாக்காசாகும் என்று நினைத்தேன். வெளிச்சம் சமமாகப் படவேண்டுமென்று தினமும் தட்டுகளை நீ இடம் மாற்றுவாய். பதற்றத்தில் அது மறந்துபோனது. தட்டில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்க்காமல் உன் பிள்ளைகளுக்கே ஊற்றிவிட்டேன்.

திரும்பி வந்தவள் பச்சைத் தட்டைப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் வாயைத் திறக்கவில்லை. நம் பேராசிரியரும் அந்த ஒரே சோதனையோடு அவசரமாகக் கட்டுரையை அனுப்பிவிட்டார். அதற்குத்தான் இந்த விருது.

நீ கொடுத்த அந்த மரபணு விதையை, நான் மாறி வந்த இந்த ஆய்வகத்தில் மூன்று முறை வளர்த்தேன். நாற்றானதும் அதே பதினான்கு நாள் சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. "பொழச்சுக்கோ" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். மூன்று முறையும் கருகிவிட்டது.

இதை யாரிடம் காட்டுவதென்பது உன் இஷ்டம். விழாவுக்கு வருவேன். அரங்கமே உனக்குக் கைதட்டும்போதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஊற்றியவள் நான்தானே.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள்