ராஜியின் கிளினிக் கொப்பி

ஒக்டோபர் 1, வியாழன்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, பிறகு ஒரே மழை. யட்டவத்தைக்குப் போய் மிளகு பார்த்து வந்தேன். ஒரு சாக்கில் பப்பாசி விதை கலப்பு. ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டதும் விதையெல்லாம் மிதந்தது. கொண்டுவந்தவர் வானத்தைப் பார்த்தார். முப்பது வருட மிளகு, கராம்பு வியாபாரம், என்னை ஏமாற்றுவது லேசில்லை என்று வீட்டில் வந்து பீற்றிக்கொண்டேன். "சரிங்க, பெரிய ஆளுதான்" என்று ராஜி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

நாளைக்கு:
- கராம்புச் சாக்கு இரண்டும் வெயிலில்
- கார் வைப்பர் ரப்பர்
- ராஜிக்கு இன்ஹேலர் (போன மாதம்தானே வாங்கியது?)

ஒக்டோபர் 2, வெள்ளி

மழை இல்லை. ஜும்ஆ முடிந்து ஃபாரூக் நானா கடைக்கு வந்தார். துணிக்கடைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் நானும் அவரும் ஒரே வாரத்தில், ஒரே கம்பெனியின் டீசல் கார் வாங்கினோம். அவருடையது கறுப்பு, எனது வெள்ளை. போனை நீட்டினார். அந்தக் கம்பெனி காரின் கம்பியூட்டரில் ஒரு தந்திரம் செய்து வைத்திருக்கிறதாம். புகைச் சோதனை என்றால் கார் அதைத் தெரிந்துகொண்டு பூனை மாதிரி ஓடும். ரோட்டுக்கு வந்ததும் பல மடங்கு நச்சுவாயு. ஸ்டியரிங் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் அது சோதனை என்று கண்டுபிடித்துவிடுமாம். எனக்கே அவ்வளவு புத்தி கிடையாது.

"தம்பி, நம்மள மோடனாக்கிட்டானுங்க" என்றார் நானா. இனி யார் வாங்குவார்கள் என்பதுதான் அவர் கவலை. நம்முடைய காரில் அது இருக்காது என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லை.

பேப்பரிலும் வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் கராம்பு சுற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராஜி பார்க்கக் கூடாது.

ஏனென்றால் இந்தக் காரே அவளுக்காக வாங்கியது. அவளுக்கு மூச்சிழுப்பு. பழைய வேன் கரும்புகை கக்கும். ஹார்ன் அடித்துக்கொண்டே நான் ரிவர்ஸ் எடுப்பேன், அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொள்வாள். இந்தக் காரை விற்றவன் சைலன்சர் குழாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டான். பிறகு அதை ராஜியின் கையில் கொடுத்தான். ஒரு பொட்டுக் கரி இல்லை. இனிமேல் நீயே பின்னால் நின்று எனக்கு ரிவர்ஸ் சொல்லலாம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன்.

நான்தான் சொன்னேன்.

ஒக்டோபர் 3, சனி

வானம் மப்பு. எங்கள் ஒழுங்கை ஒரு கார் அகலம், அதிலும் ஏற்றம். பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடும் நேரம். அதனால் ராஜி காருக்குப் பின்னால் நின்று கை காட்டுவாள். வா, வா, இடது பக்கம், இன்னும் கொஞ்சம். போதும் என்றால் டிக்கியில் இரண்டு தட்டு. இரண்டு வருடமாக இப்படித்தான். கண்ணாடியில் அவள் கையை மட்டும் பார்ப்பேன். இன்று முகத்தைப் பார்த்தேன். வாயை இறுக்கி மூடியிருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கார் ரோட்டுக்கு ஏறிய பிறகு கேட் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டு டாட்டா.

எப்போதும் இப்படித்தானா? கேட்கப் பயம்.

நேரே கராஜுக்கு. மெக்கானிக் சுனில் பாஸ் பொனெட்டைக்கூடத் திறக்கவில்லை. கரி வேறு, வாயு வேறு முதலாளி என்றார். கரி ஃபில்டரில் தங்கிவிடும், அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, கைக்குட்டையில் ஒட்டாது. இழுப்புக்காரருக்கு அது ஆகவே ஆகாது. கம்பெனியை நான் நன்றாகத் திட்டினேன். பாஸ் சிரித்தார். சிங்களத்தில் அவர் சொன்னது: "அவங்க கம்பியூட்டர்ல செஞ்சாங்க. நீங்களும் நானும் ஸ்க்ரூ டிரைவர்ல செஞ்சோம்."

உண்மைதான். வேனுக்குப் புகைச் சேர்ட்டிபிகேட் எடுக்கப் போகுமுன் ஒவ்வொரு வருடமும் அவரிடம் கொண்டுபோய் டீசல் பம்பைக் குறைப்பேன். பாஸானதும் அதே நாள் திரும்பி வந்து கூட்டுவேன், இல்லாவிட்டால் சாக்கோடு ஏற்றம் ஏறாது. ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ட்யூனிங் என்று ஒரு பெயர் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

ஒக்டோபர் 5, திங்கள்

நானாவோடு கண்டிக்கு, கார் ஏஜென்டிடம். எங்களைப் போல் பத்துப் பதினைந்து பேர். ஒரு பல் டொக்டர், இரண்டு லோயர், பலகை விற்கும் மரக்காலைக்காரர் ஒருவர். ஏ.சி. அறை, டீ, பேஸ்ட்ரி. காதில் விழுந்தவை: "ரீசேல் போச்சு." "ஐரோப்பாவுல காசு குடுக்கிறானாம், நமக்கு?" "எனக்கு ஓட நல்லா இருக்கு, அது போதும்." கம்பெனியிலிருந்து லெட்டர் வரும், பொறுங்கள் என்றார் ஏஜென்ட். பின்னால் இருந்த ஒரு டீச்சரம்மா மட்டும், அப்படியென்றால் இவ்வளவு நாளாக நாங்கள் எதைச் சுவாசித்தோம் என்று கேட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பேஸ்ட்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 6, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். இனிப் பின்னால் வர வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ராஜியிடம் சொன்னேன். "ஏன், நான் சொல்றது சரியில்லையா?" முகம் வாடிவிட்டது. சொன்னதைச் செய்யேன் என்று எரிந்து விழுந்தேன். என்மேல் குற்றமென்றால் கோபம்தான் முதலில் வரும். அம்மாவும் சொல்வார்.

தனியாக ரிவர்ஸ் எடுத்துக் கேட் தூணில் இடித்தேன். சத்தம் கேட்டு அவள் குடையும் இல்லாமல் வெளியே வந்து, நேரே சைலன்சர் குழாய்க்குப் பின்னால் நின்று கை காட்டத் தொடங்கிவிட்டாள். வா, வா, இடது பக்கம். உடனே எஞ்சினை நிறுத்தினேன். ஏன் நிறுத்துகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. இறங்கி நடந்தே கடைக்குப் போனேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

ஒக்டோபர் 8, வியாழன்

ராஜிக்குக் கிளினிக். வழக்கமாக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். இன்று பஸ்ஸில் போனோம், நானும் உள்ளே போனேன். நம்பர் 41. வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது கொப்பியை என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். டொக்டர்மார் கிறுக்கல், ஆனால் நம்பர் விளங்கும். வேன் காலத்தில் இன்ஹேலர் தினம் ஒரு தரம். கார் வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் இரண்டு தரம். பிறகு இன்னொரு இன்ஹேலரும் கூட. இந்த வருடம் இராவைக்குக் குளிசை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரி: வீட்டில் புகை இல்லை.

எங்கள் முறை வந்தது. டொக்டர் சின்னப் பெண். வீட்டில் விறகு அடுப்பா, யாராவது சிகரட்டா, வேறு ஏதும் புகை உண்டா என்று தலை நிமிராமலே கேட்டார். ராஜி, இல்லை என்றாள். அவர் எழுதப் போனார்.

"இருக்கு டொக்டர்" என்றேன். "நம்ம கார். நான்தான் இவங்கள அதுக்குப் பின்னால நிக்க வைக்கிறேன். ரெண்டு வருஷமா."

டொக்டர் நிமிர்ந்தார். ராஜி மெதுவாக, "அது நல்ல கார் டொக்டர்" என்றாள்.

வெளியே வந்து, எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் மாதத்திலேயே தெரியுமாம். வேன் புகை கண்ணுக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இது தெரியவில்லை, நெஞ்சுக்குத்தான் தெரிந்தது என்றாள். போன வாரச் செய்தியும் தெரியும், பக்கத்து வீட்டுப் பேப்பரில் பார்த்தாளாம். நான் கராம்பு சுற்றியது வீண்.

"அப்ப ஏன் சொல்லல?"

"அந்தக் கைக்குட்டைய என் கைல குடுத்தப்ப நீங்க அழுதீங்க. அதப் பாத்துட்டு எப்பிடிங்க சொல்றது."

நான் அழுதேனா? எனக்கு ஞாபகமே இல்லை. பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தேன்.

ஒக்டோபர் 9, வெள்ளி

நல்ல வெயில். நானா போன் செய்தார். பல்லேகமவில் ஒருவர், மிளகாய்த் தோட்டக்காரர், இதே மாதிரிக் கார் தேடுகிறாராம். செய்தி எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை. லெட்டர் வருமுன் தள்ளிவிடச் சொன்னார் நானா. நானாவின் காரை விட எனது ஓட்டம் குறைவு, அதனால் எனக்கு முதல் வாய்ப்பு. தங்கமான மனிதர்.

சரி என்றுவிட்டேன். இந்தக் கார் ராஜியின் கண்ணிலேயே படக் கூடாது, அதுதான் எனக்கு வேண்டியது. வாங்குகிறவர் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால்? பார்ப்போம். ராஜியிடம் சொன்னேன். அவள் பின் சீற்றிலிருந்த தன் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒக்டோபர் 10, சனி

பத்து மணிக்கு வந்தார்கள், புருஷனும் பெண்சாதியும். சிங்கள ஆட்கள், நல்ல மனிதர்கள். எங்களுக்கென்று ஒரு பை நிறைய மாதுளம்பழம். அவர் ஃபில்டர் கேட்டார், டயர் கேட்டார், எத்தனை கிலோமீட்டர் கேட்டார். புகை பற்றிக் கேட்கவில்லை. எனக்கு நிம்மதி, எழுத வெட்கமாக இருக்கிறது. ஓட்டிப் பார்க்கட்டுமா என்றார். சாவி கொடுத்தேன். ஸ்டார்ட் செய்தார்.

யாரும் சொல்லவில்லை. அந்த அம்மா தானாகவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்று கையை உயர்த்தினார். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ராஜி வாசலிலிருந்து ஓடி வந்தாள். இழுப்புக்காரி, அவள் ஓடி நான் பார்த்துப் பல வருடம். அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அங்கே நிற்க வேண்டாம் அக்கா என்று சிங்களத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவர் ஏன் என்று ராஜியைப் பார்த்தார். ராஜி என்னைப் பார்த்தாள்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன், கம்பெனி செய்தது, நான் வேனில் செய்தது, கொப்பியில் இருந்தது, இன்று செய்யப் பார்த்தது. சிங்களம் அங்கங்கே தடுக்கியது. வாங்க வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை ராஜி அந்த அம்மாவின் கையை விடவில்லை.