அம்மா கையெழுத்துக்குக் காத்திருக்கும் கடைவாய்ப்பல்

அனுப்புநர்:
நா. தமிழ்செல்வன், டி.எம்.இ.,
போர்வெல் மோட்டார் டெக்னீஷியன்,
ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
பள்ளிப் பல் பாதுகாப்பு முகாம்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: என் மகளின் பற்களுக்கு சீலன்ட் பூச மறுத்தது – தந்தையின் கையெழுத்தை ஏற்று உடனே பூசக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அருணாவின் பள்ளிக்குக் கடந்த வாரம் தங்கள் முகாம் வந்தது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் சொத்தை விழாமலிருக்க சீலன்ட் என்னும் பூச்சு பூசுவார்கள் என்றார்கள். நல்ல காரியம். சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

2. முகாம் ஒருங்கிணைப்பாளர் திரு. சார்லஸ் அதை ஏற்கவில்லை. சென்ற ஆண்டு துபாயிலிருந்து லீவில் வந்த ஒரு தந்தை, தானே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பிள்ளையின் பல்லில் பசையைத் தடவிவிட்டதாகச் சத்தம் போட்டாராம். அதிலிருந்து தாய் கையெழுத்து மட்டும்தான் செல்லுமாம். ஒருவர் கத்தியதற்காகத் தந்தைமார் அத்தனை பேரையும் ரத்து செய்த தங்கள் நிர்வாகத் திறமையை வியக்கிறேன்.

3. "அம்மா இல்ல சார்" என்று அருணா சொல்லியிருக்கிறாள். "அம்மா வந்தோன்ன வாங்கிட்டு வா பாப்பா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவளும் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தாள்.

4. என் மனைவி ரஞ்சிதா கடந்த மாசியில் காலமானார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்தது. "பல்லுவலிக்கெல்லாமா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவாங்க?" என்று கேட்டவர்கள்தான் மாலையும் வாங்கி வந்தார்கள்.

5. முகாமுக்கு மறுநாள் திரு. சார்லஸிடம் நேரில் போய் இதைச் சொன்னேன். "பால் பல்லுதானே சார், விழுந்து மொளைச்சிரும். இதுக்குப் போயி வேலைய விட்டுட்டு வாரீங்களே" என்றார். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்காது என்று அவர் தலைக்கு மேலே தொங்கிய தங்கள் பேனரிலேயே அச்சடித்திருந்தது. அது பெற்றோர் படிப்பதற்கு மட்டும் போலிருக்கிறது.

6. பூச்சுக்குப் பதிலாக அருணாவுக்கு ஒரு தொப்பி தந்தார்கள். நல்ல தொப்பி. குரூப் போட்டோவில் முன்வரிசையில் வாயைத் திறந்து நிற்கிறாள். பயன்பெற்றவர்களில் அவளையும் சேர்த்திருப்பீர்கள். தண்ணீர் புகுந்து மோட்டார் எரிந்தால் நான் காயில் கம்பியை மாற்றிக் கட்டித் தருவேன். பல்லுக்கு அந்த வசதி இல்லை.

7. சம்மதச் சீட்டை இத்துடன் இணைக்க இயலவில்லை. அருணா தர மறுக்கிறாள். அம்மா வந்ததும் வாங்கிவரச் சொல்லி சார் சொன்னாராம். எனவே இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன்.

என் கையெழுத்தை ஏற்று, சொத்தை விழுவதற்கு முன் அவள் பற்களுக்குப் பூச்சு பூச ஆவன செய்ய வேண்டுகிறேன். பூச வரும்போது திரு. சார்லஸையும் அனுப்பவும். அம்மா வரமாட்டாள் என்பதை அவரே அவளிடம் சொல்லட்டும். நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன்.

இடம்: ஆலங்குடி
நாள்: 11.07.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
நா. தமிழ்செல்வன்
அருணாவின் தந்தை