ரிஸ்னாவின் தரம் எட்டு

திங்கள்
விடிய மழை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை பஸ்ஸில் நின்றபடி. குடை கிழிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

பயிற்சி ஆசிரியைகளுக்கு இன்று என் வகுப்பு: ‘வகுப்பறையில் மனம் தளராதிருத்தல்’. வழக்கமான புத்திமதி. பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணீர் விடக்கூடாது, விட்டால் தலையில் ஏறிவிடுவார்கள். எல்லோரும் எழுதினார்கள். தெமட்டகொடையிலிருந்து வரும் ரிஸ்னா மட்டும், “அழுகை சொல்லிட்டா மிஸ் வருது?” என்றாள். ஒரே சிரிப்பு. எரிச்சல்.

புதன்
வெக்கை. தலையிடி. வாங்க வேண்டியவை: பாண், பருப்பு, தலையிடிக்குக் குளிசை.

ரிஸ்னா பயிற்சிக்குப் போகும் பாடசாலையிலிருந்து கோல். தரம் எட்டு வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாளாம். ஷர்மிளா என்றொரு பிள்ளை அவள் குரலில் பேசிக் காட்ட, வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். போனேன். படிக்கட்டில் இருந்தாள்.

“எனக்கு ஏலா மிஸ். உட்டுட்டுப் போறேன்.”

வெள்ளி அவள் பாடம் நடத்துவதற்குக் கடைசி மதிப்பீடு. தவறினால் ஒரு வருடப் பயிற்சி திரும்ப. எங்களுக்கெல்லாம் தெரிந்த வழியைச் சொன்னேன்: “நாளைக்கே வெள்ளிக்கிழமைப் பாடத்தை ஒருக்கா நடத்தும். ஆர் கை தூக்கிறது, ஆர் விடை சொல்லிறது எண்டு பழக்கும். வெள்ளிக்கிழமை ஷர்மிளாவை லைப்ரரிக்கு அனுப்பும்.” நானும் செய்ததுதான். செய்யாதவர் யார்?

“சரி மிஸ்.”

வெள்ளி
நல்ல வெயில். பின்வரிசையில் நான், மடியில் மதிப்பீட்டுப் படிவம். முன்வரிசையில் ஷர்மிளா! அடி பாவி, கெடுத்தாளே என்று நினைத்தேன்.

ரிஸ்னா பலகைக்கு முன் நின்றாள். “புதன்கிழமை நான் அழத்தான் வெளிய ஓடினேன். என்னைப் போல பேசிக் காட்டினது நல்லா நொந்துச்சு. இண்டைக்கும் பயமாத்தான் இருக்கு. வாங்க, பின்னம் செய்வம்.”



பலகையில் ஒரு பின்னக் கூட்டல் பிழையாய்ப் போனது. ஷர்மிளா எழும்பினாள். தொலைந்தது.

“மிஸ், கீழ ஆறு வரணும்.” கேலி இல்லை, அவளுடைய சொந்தக் குரல்.

“ஓம், சரிதான்! வந்து திருத்துங்க.”

அதற்குப் பிறகு வகுப்பு ஒரே சந்தை. பிழை விடைகள், வாக்குவாதம், மறுபடி கணக்கு. நான் ஒத்திகை பார்த்து நடத்திய எந்தப் பாடத்திலும் ஒரு பிள்ளை இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

பாடம் முடிந்ததும் ரிஸ்னாவை வெளியே பிடித்தேன். “நான் சொன்னதைச் செய்யேல்லையே?”

“நேத்து செய்யத்தான் போனேன் மிஸ். புள்ளைகள்ட மூஞ்சப் பாத்து, நாளைக்கு நடிங்க எண்டு சொல்ல வாய் வரல்ல.”

என்ன துணிச்சல்! இருபது வருடமாக எனக்கு வராதது. பாஸ் போட்டேன். ‘ஆலோசனை’ என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

“உம்மட வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமையும் வரட்டே?” என்றேன்.

அவள் முகம் வெளிறியது. “திரும்ப மார்க்ஸ் போடவா மிஸ்?”

“இல்லை. நான் பழக.”