மணி அடிக்காத லிஃப்ட்

நவம்பர் 14, காலை 6.40

டேய் பன்னெண்டு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் அக்காவிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் போனை அப்பா பிடுங்கிவிட்டாராமே? அம்மா எப்படி இருக்கிறார்?

சுற்றி வளைக்க நேரமில்லை. திங்கள் காலை விசாரணை. மின்சாரம் போய் உன் அம்மா லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மயங்கி விழுந்தார். மணி வயரைக் கழற்றியது பயிற்சிக்கு வந்த நான்தான் என்கிறது லிஃப்ட் கம்பெனி. அது முடிவானால் சான்றிதழ் கிடையாது. இரண்டு வருடம் போச்சு.

கழற்றியது நீ. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாய். முதல் தடவை நான் கதவை நெம்பியபோது, "அஞ்சு நிமிஷம்ணா, இங்கதான் யாரும் மார்க் கேக்க மாட்டாங்க" என்றாய். "லூசாடா நீ?" என்று திட்டிவிட்டு நானும் உள்ளே குதித்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் தங்கியிருக்கும் என் அக்கா வீட்டில் மாமா என்னைத் தண்டச்சோறு என்றதை உன்னிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருக்கிறேன்.

பட்டன் பலகையைத் திறந்து எது விசிறி, எது மணி என்று காட்டியது நான். அதைச் சொல்லிவிடுகிறேன். மீதியை நீ வந்து சொல்.

கிரீஸ்

நவம்பர் 16, இரவு

அன்புள்ள கிரீஸ்,

அம்மா தேறிவிட்டாள். ஆனால் லிஃப்டில் ஏற மறுக்கிறாள். பன்னிரண்டு மாடி இறங்கவும் தெம்பில்லை. ஜன்னலோரமே இருக்கிறாள். பக்கத்தில் போனால் என் தலையைத் தடவிக்கொடுக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

ரிசல்ட் வந்த அன்று, லிஃப்டை நிறுத்தியதும் மணி அடித்து யாரும் என்னைத் தேடி வந்துவிடக்கூடாது என்று நான்தான் கழற்றினேன். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நீ கழற்றியதை நான் பார்த்ததாக ஒரு தாளில் எழுதி நீட்டினார். "அவனை மாதிரி ஆளுங்களுக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்டா. உன் கதி?" என்றார். தலையாட்டிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். நாளை விடியற்காலை ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போகிறார்.

கோபித்துக்கொள்ளாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை.

உன் பன்னெண்டு

நவம்பர் 17, மாலை 5.15

பன்னெண்டு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. விசாரணை காலையிலேயே முடிந்துவிட்டது. உன்னைச் சொன்னேன். "டாக்டர் வீட்டுப் பையன் எதுக்குடா ஸ்குரூ டிரைவர் தூக்கப்போறான்?" என்று சிரித்தார்கள். நீ கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள்.

'அவனை மாதிரி ஆளுங்க.' நாலு தடவை படித்தேன். உன் அப்பா சொன்னது உறைக்கவில்லை. நீ தலையாட்டியதுதான்.

ஆனால் கழற்றியது நீ என்று உன் கைப்பட எழுதியிருக்கிறாய். தெரிந்து எழுதினாயா, தெரியாமலா? கேட்க முடியாது. ஹாஸ்டல் எங்கே என்றே எனக்குத் தெரியாது. இனி நான் செய்யப்போவது:

1. நாளை பத்து மணிக்கு உன் கடிதத்தை சூப்பர்வைசர் மேசையில் வைப்பேன்.
2. யார் கொண்டுவந்தது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். அந்த அக்காவின் பிழைப்பு போய்விடும்.
3. சான்றிதழ் கையில் வந்ததும், இந்தக் கட்டடம் கண்ணில் படாத இடத்தில் வேலை தேடுவேன்.
4. இந்தக் கடிதத்தை அந்த அக்காவிடம் கொடுத்து உன் அம்மாவிடம் சேர்க்கச் சொல்வேன். உனக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். உறையை ஒட்ட மாட்டேன்.