மேஷசிருங்கி என்று சொன்னாயே, அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உன் முதலாம் வருஷ நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். அப்படித்தான் தொடங்க வேண்டுமாம். நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். இனி அது முடியாது.

கொட்டகலைப் பக்கத்து நம் தேயிலைத் தோட்டத்தில் உன்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வைத்தியர் ஐயாதான். ஹட்டனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஆறு வருஷம் மருந்து இடித்தாய். போத்தல்களில் ஒட்டியிருந்த சமஸ்கிருதப் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டு நம் வரிசை வீட்டு லயத்துக்குத் திரும்பி வந்தாய். தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் முளைத்த வல்லாரையை நாங்கள் சம்பல் போட்டுத் தின்றுகொண்டிருந்தோம். நீ அதை 'மண்டூகபர்ணி' என்றதும் அதே இலையைக் கைகூப்பி வாங்கினார்கள். ஆடாதோடை 'வாசா' ஆனது. சீந்தில் 'அம்ருதா' ஆனது. சளிக்கும் இருமலுக்கும் நீ கொடுத்தது பலருக்குக் கேட்டது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அம்மாவை ஏன் தொட்டாய்?

அம்மாவுக்குச் சீனி வியாதி. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார். ஒரு நாள் லயத்துச் சனமெல்லாம் பார்க்க, சிறுகுறிஞ்சான் இலையை அவர் வாயில் கொடுத்து மெல்லச் சொன்னாய். பிறகு நாக்கில் ஒரு கரண்டி சீனி வைத்தாய்.

"இனிக்குதா அம்மா?"

"மண்ணு மாதிரி இருக்குடா."

"பாத்தீங்களா? நாக்குலயே சீனி செத்துப் போச்சு. ரத்தத்துல மட்டும் நிக்குமா? இதுதான் மேஷசிருங்கி. இனி அந்த மாத்திரைய விட்டுடுங்க."

நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேலும் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை அம்மாவின் கால் விரலில் குத்தியது. நீ பொடி வைத்துக் கட்டினாய். புண்ணில் நாற்றம் வந்தபோது கட்டுத் துணியை மாற்றினாய், பொடியை மாற்றினாய். உன்னைக் கேட்காமல் நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"ஏன் மாத்திரையை நிப்பாட்டினீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மறந்துட்டேங்கய்யா," என்றார் அம்மா. உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீ கட்டிலின் கால்மாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருஷமே உனக்கு நெஞ்சு வலி வந்தது. போய்ச் சேர்ந்தாய். கருமாதி முடிந்து உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் துணிக்குள் சுற்றி, மருந்து எழுதித் தரும் ஒரு கிளினிக் கொப்பி. உன் பெயர். நம்மை யாருக்கும் தெரியாத தூரத்து ஊர். உனக்கும் சீனி வியாதி. மாதம் தவறாமல் போயிருக்கிறாய். அம்மாவிடம் நிறுத்தச் சொன்ன அதே மாத்திரைதான், பாதி அட்டை மிச்சம் இருந்தது. அம்மா இலை மென்ற அதே மாதத்திலும் நீ போய் மாத்திரை வாங்கியிருக்கிறாய்.

எப்படி அண்ணே மனசு வந்தது?

கொப்பியை அம்மாவிடம் காட்டினேன்.

"அவனுக்குப் பயம்டி. சனம் பாத்துட்டா பேரு போயிடுமேன்னு பயம்."

"உங்க காலை விடவா அவரு பேரு பெருசு?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அரசாங்க ஆயுர்வேத மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்த சிங்கள டாக்டரம்மாவிடம் கேட்டேன். மேஷசிருங்கி என்றால் ஆட்டுக்கடாக் கொம்பாம், அதன் காய் அப்படி இருக்குமாம். மண்டூகம் என்றால் தவளையாம், வல்லாரை இலை அதன் பாதம் மாதிரியாம். செடியைக் கண்ணால் பார்த்தவர்கள் கண்டதை அப்படியே பெயராக வைத்திருக்கிறார்கள். "நல்ல மூலிகைதான். ஆனா மாத்திரைய விடச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்றார். அந்த இலை ஒரு குற்றமும் செய்யவில்லை. பெயர் வைத்தவர்களும் எதையும் மறைக்கவில்லை. நீதான் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

நீ மேஷசிருங்கி கொடுத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. போன வாரம் மேல் லயத்து ராமாயி அக்காவிடம் போனேன். மாத்திரையை விட்டு இரண்டு வருஷமாம். உன் பேச்சை நம்பாமல் திரும்பத் தொடங்கச் சொன்னேன்.

"வைத்தியர் ஐயா எனக்கு சாமி மாதிரி. செத்தவர ஏன் பழி சொல்ற? ஒனக்கு அவரு மேல பொறாமை," என்று கத்தினார். கொப்பியையும் மாத்திரை அட்டையையும் அவர் மடியில் வைத்தேன். எழுத்துக் கூட்டி உன் பெயரைப் படித்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "கிளினிக் எந்தக் கெழம பிள்ள?"

நாளைக்கு அவரை நான் கூட்டிப் போகிறேன். உன்னை மன்னிப்பேன் என்று சொல்லமாட்டேன். மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்டுவேன், எத்தனை பேர் என் முகத்தில் காறித் துப்பினாலும். அதற்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

உன் கூடப் பிறந்த பாவத்துக்கு,
தங்கச்சி செல்வராணி