சஹரில் ஒரு மாத்திரை

20-1-64, திங்கள்
பனி. சிறுமலை கண்ணுக்கே தெரியவில்லை. மதுரை டாக்டர் கொடுத்த மெதடோன் மாத்திரை இன்று முதல். அபினுக்குப் பதில்.

"ராவுத்தரே, காலையில ஒண்ணு போட்டா நாள் பூராத் தாங்கும். கொஞ்சங்கொஞ்சமாக் கொறச்சு நிறுத்திப்புடலாம்" என்றார். நம்பவில்லை. இடுப்பு வலிக்கென்று தொட்ட அபின், எத்தனை வைத்தியரைப் பார்த்துவிட்டது!

மத்தியானம் தோல் மண்டியில் கை நடுங்கவில்லை. கொட்டாவி இல்லை. அட! மனைவி மைமூன் வழக்கம்போல் சாப்பாட்டுக் கேரியர் அனுப்பியிருந்தாள். ரமலான் மாசம், தெருவே நோன்பு, நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாடு. வெட்கக்கேடு.

21, செவ்வாய்
ஒரு யோசனை. மாத்திரையை விடியுமுன் சஹரிலேயே போட்டால்? நோன்பு பிடிக்கலாமே! மத்தியானமானால் அபின் கேட்கும், அதனால்தான் இத்தனை வருஷம் நோன்பை விட்டது. வீட்டில் சொல்லப் பயம். "அபினை விட்டுட்டேன்" என்று எத்தனை தடவை புளுகியிருக்கிறேன். முதலில் பிடிப்போம்.

22, புதன்
மாடியறையில் தனியாக எழுந்தேன். கீழே மைமூனும் மகன் கபீரும் சஹர் சாப்பிடும் பேச்சுச் சத்தம். அவன் என்னை அத்தா என்று கூப்பிட்டே வருஷங்களாச்சு. எனக்கு பன், வாழைப்பழம், மாத்திரை. நோன்பு வைக்க அரபியில் சொல்லும் நிய்யத் பாதியில் மறந்துபோனது. மீதியைத் தமிழில் சொன்னேன்.

கேரியரை, கொண்டுவந்த குதிரைவண்டிக்காரருக்கே கொடுத்தேன். "என்ன மொதலாளி, வீட்ல சண்டையா?"

நல்ல தாகம், தலைசுற்றல். அபின் நினைப்பு மட்டும் இல்லை. பள்ளிவாசல் கஞ்சிக்குப் போகக் கூச்சம். மண்டியிலேயே ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தேன். இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. அழுதேன்.

23, வியாழன்
குட்டு உடைந்தது. வண்டிக்காரர் மைமூனிடம், "வெஞ்சனம் அம்புட்டு ருசிம்மா!" என்றிருக்கிறார். சாயங்காலம் மாடியேறி வந்தாள்.

"சோறு எறங்கலையா? அபின் அளவு கூடிருச்சா? மறைக்காதீங்க."

நோன்பு என்றேன்.

"அல்லா பேரச் சொல்லியுமா பொய்யி?"

இறங்கிப் போய்விட்டாள். கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

24, வெள்ளி
காலையிலேயே கபீர் மண்டிக்கு வந்து எதிரே உட்கார்ந்தான். "அம்மா பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுச்சு." ஜும்ஆ தொழுகைக்கும் கூடவே வந்தான். தொழுமுன் வாய் கொப்பளித்து ஒளூச் செய்யும்போது என் வாயையே கவனித்தான், தண்ணீர் உள்ளே போகிறதா என்று. திருடனுக்குக் காவல் மாதிரிதான். இருக்கட்டுமே, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது.

பொழுது சாய்ந்தது. உதடெல்லாம் காய்ந்து வெடிப்பு. கபீர் எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"பாங்கு சொல்லிட்டாங்க. குடிங்க, அத்தா."

அத்தா என்றான்.